அசிங்க் போட்டும் திரை உறைவது ஏன்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். சாவகச்சேரிப் பக்கம் ஒரு சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலி செய்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, கெப்பாசிட்டர் (இணையப் பக்கத்தைப் போன் செயலியாகப் பொதிகட்டும் கருவி) கொண்டு அன்ட்ரொயிட் செயலியாகக் கட்டியிருக்கிறீர்கள். 1,200 அங்கத்தவர்கள், 30,000 சொச்சம் பதிவுகள். மாத முடிவில் 'வட்டி கணி' என்ற பட்டனை அழுத்தினால் உங்கள் போனில் மூன்று செக்கன், சங்கத்து அலுவலரின் பழைய போனில் 25 செக்கன், திரை அப்படியே உறைந்து நிற்கிறது. 'சற்றுப் பொறுங்கள்' என்று சுற்றும் ஸ்பின்னர்கூட வருவதில்லை. அசிங்க் (async) என்ற சொல்லைப் போட்டீர்கள், பிரொமிஸ் ('முடிந்ததும் விடை தருகிறேன்' என்ற சீட்டு மாதிரி ஒன்று) போட்டீர்கள், ஒன்றும் மாறவில்லை.

சரி. அசிங்க் என்பது வேலையை வேறு ஆளிடம் கொடுக்காது. அதே ஆளிடம் "இதைப் பிறகு செய்" என்று சொல்லிவைக்கும், அவ்வளவுதான். (தமிழில் எழுதினால் அந்தச் சொல் அசிங்கம் மாதிரி விழுகிறது, நம்மில் பலர் அதைக் கையாளும் விதத்தைப் பார்த்தால் பொருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.) உறைவதற்குக் காரணம் இதுதான், ஆனால் இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளம், அதிலும் பாதி, உங்கள் விசயத்தில் பெரிய மருந்து எதுவும் தேவைப்படாமல் போகலாம் என்பதைப் பற்றியது.

எங்கள் ஊர்ச் சங்கக்கடையை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் கூப்பனும் மண்ணெண்ணெய்க் கானுமாக நான் நின்ற வரிசைகளுக்குக் கணக்கில்லை. கவுண்டரில் ஒரே ஒரு மனேச்சர். காசு வாங்குவது, சாமான் நிறுப்பது, கூப்பனில் கோடு கீறுவது எல்லாம் அவர்தான். யாரோ ஒருவர் வந்து "போன வருசம் என்ரை கணக்கிலை எவ்வளவு நிண்டது?" என்று கேட்டுவிட்டால் மனிதர் எழும்பிப் பின்னறைக்குப் போய், றாக்கையில் பழைய பேரேட்டைத் தேடத் தொடங்குவார். அவர் திரும்பி வரும்வரை கவுண்டரில் ஆளில்லை, நாங்கள் வெயிலில். உங்கள் செயலியின் மெயின் த்ரெட், அதாவது கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் பிரதான இழை, அந்த மனேச்சர்தான். விரல் தொட்டதைக் கவனிப்பதும், பக்கத்தை அடுக்கித் திரைக்குத் தயார் செய்வதும், உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டுவதும் ஒரே ஆள். செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரை என்றால் ஒரு தடவைக்கு அவர் கையில் இருப்பது 16.7 மில்லிசெக்கன், 120 தடவை புதுப்பிக்கும் புதுப் போன்களில் அதில் பாதி. உலாவி செய்பவர்கள் 50 மில்லிசெக்கனைத் தாண்டிய எதையுமே 'நீண்ட வேலை' என்று பதிந்து வைக்கிறார்கள். உங்களுடையது அந்தப் பழைய போனில் 25,000 மில்லிசெக்கன்.

இனி ஸ்பின்னர் ஏன் வரவில்லை என்பது. பட்டனை அழுத்தியதும் நீங்கள் முதல் வரியில் ஸ்பின்னரைக் காட்டச் சொல்கிறீர்கள், இரண்டாவது வரியில் கணக்கைத் தொடங்குகிறீர்கள். 'காட்டு' என்று சொன்ன உடனே திரையில் எதுவும் வரையப்படுவதில்லை; அது ஒரு குறிப்பாக எழுதிவைக்கப்படுகிறது, ஸ்கிரிப்ட் கையை விட்ட பிறகுதான் மனேச்சர் வந்து அந்தக் குறிப்பைப் பார்த்து வரைவார். நீங்கள் கையை விடுவது 25 செக்கன் கழித்து, அதற்குள் கடைசி வரியில் 'ஸ்பின்னரை மறை' என்றும் எழுதியாயிற்று. ஆக அவர் பார்க்கும்போது காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஸ்பின்னரை உண்மையில் காட்ட வேண்டுமென்றால் அதை இயக்கிவிட்டு, ரிக்வெஸ்ட் அனிமேசன் ஃபிரேம் ('அடுத்த முறை வரைய முதல் என்னைக் கூப்பிடு') ஒன்றைக் கேட்டு, அதற்குள் ஒரு செட்டைம்அவுட் ('இவ்வளவு நேரம் கழித்துக் கூப்பிடு') வைத்து, அதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். திரை ஒரு முறை வரையப்பட்ட பிறகே வேலை ஆரம்பிக்கும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சுற்றுவதை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) டிரான்ஸ்ஃபோர்ம் கொண்டு செய்தால், ஒருமுறை தொடங்கிய சுழற்சி மெயின் த்ரெட் அடைபட்டிருந்தாலும் நிற்காது, ஏனென்றால் அதைச் சுற்றுவது வேறொரு த்ரெட். ஜாவாஸ்கிரிப்டால் கோணத்தை மாற்றி மாற்றிச் சுற்றினால் அதுவும் சேர்ந்து உறையும்.

ஆனால் இது கண்துடைப்புத்தான். ஸ்பின்னர் சுற்றும், வேறு எதைத் தொட்டாலும் அசையாது.

பிரொமிஸ் ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் கன அனுபவசாலிகளும் வழுக்குகிறார்கள். நீங்கள் லூப்புக்குள் (பதிவுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் பகுதி) ஒவ்வொரு பதிவுக்கும் அவெயிட் ('இது முடியும்வரை காத்திரு' என்ற சொல்) போட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் மூச்சு விட இடம் கிடைக்கும் என்ற நினைப்பில். உண்மையில் ஏற்கெனவே முடிந்த ஒரு பிரொமிசை அவெயிட் செய்தால், மிச்சக் கோட் (நிரல்) மைக்ரோடாஸ்க் என்ற தனி வரிசைக்குப் போகிறது. அந்த வரிசை முழுதும் காலியாகும்வரை உலாவி திரையை வரையப் போகாது, தொடுகையைக் கவனிக்கப் போகாது. 30,000 அவெயிட்டும் ஒரே மூச்சில்தான் ஓடுகின்றன. மனேச்சரின் மனைவி பின்னறை வாசலில் நின்றுகொண்டு, அவர் ஒரு பேரேட்டை மூடும்போதெல்லாம் "இதையும் பாத்திட்டுப் போங்கோ" என்று அடுத்ததைக் கையில் கொடுப்பது மாதிரி. வேலை துண்டு துண்டாகத்தான் நடக்கிறது, ஆனால் கவுண்டருக்கு அவர் வரவேயில்லை. நெட்வேர்க்கில் இருந்து ஏதாவது எடுத்துவர அவெயிட் போட்டால் அது வேறு கதை. அங்கே உண்மையாகவே வெளியாள் ஒருவர் வேலை செய்கிறார், நம்மவர் சும்மா காத்திருக்கிறார். அதனால்தான் அசிங்க் நல்லது என்ற பெயர் வந்தது. கணக்குப் போடும் வேலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வேலையைத் துண்டாக்குவதா, வேறு ஆளிடம் கொடுப்பதா என்று யோசிக்க முதல், இந்த வேலை இவ்வளவு நீளமாக இருக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். நீங்கள் காட்டிய கோடில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஃபில்டர் வரி. ஒவ்வொரு அங்கத்தவருக்கும், 30,000 பதிவுகளையும் ஃபில்டர் செய்து அவருடையதை மட்டும் எடுக்கிறீர்கள். 1,200 தடவை 30,000. மூன்று கோடியே அறுபது இலட்சம் ஒப்பீடு. சங்கத்தில் ஒவ்வொரு அங்கத்தவர் பெயருக்கும் முழுப் பேரேட்டையும் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை ஒருவர் புரட்டினால் என்ன சொல்வீர்கள்? விசர் வேலை என்பீர்கள்தானே. ஒரு மேப் (இலக்கத்தைச் சொன்னால் அதற்குரியதை உடனே எடுத்துத் தரும் பெட்டி) எடுங்கள், பதிவுகளின் மேல் ஒரே ஒரு முறை ஓடுங்கள், ஒவ்வொரு பதிவையும் அதன் அங்கத்தவர் இலக்கத்துக்குரிய பட்டியலில் போடுங்கள். 30,000 படிகள். பிறகு 1,200 பேருக்கும் அவரவர் பட்டியல் தயாராக இருக்கும். இந்த ஒரு மாற்றமே உங்கள் 25 செக்கனில் பெரும் பங்கைத் தின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

அதே கோடில் இன்னொன்று. பெயர்களை வரிசைப்படுத்த லோக்கேல் கொம்பெயரை (ஒரு மொழியின் வரிசைப்படி இரண்டு சொற்களை ஒப்பிடுவது) ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் மொழிக் குறியோடு அழைக்கிறீர்கள். நோக்கம் சரி, தமிழுக்கு அது தேவைதான். யூனிகோட்டில் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை: ன அங்கே ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற ர-வுக்குப் பின்னால், ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னால். சும்மா சோர்ட் போட்டால் பட்டியலைப் பார்க்கும் பழைய ஆசிரியர் யாராவது உங்களை உரிச்செடுத்துவிடுவார். ஆனால் ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் விதிகளைத் தேடவைப்பது வீண் செலவு. இன்டல் கொலேற்றர் என்று ஒன்று இருக்கிறது, தமிழுக்கு என்று ஒன்றை ஒரே ஒரு தரம் உருவாக்கி வைத்துக்கொண்டு அதன் கொம்பெயரை சோர்ட்டுக்குக் கொடுங்கள். அதே வரிசை வரும், பல மடங்கு கெதியாக. திகதிகளும் அப்படித்தான். வருடம், மாதம், நாள் என்று பூச்சியம் நிரப்பி எழுதிய சரத்தை அப்படியே சிறிது பெரிது பார்க்கலாம். லூப்புக்குள் ஒவ்வொன்றையும் டேட் ஒப்ஜெக்ட் ஆக்கத் தேவையில்லை. காசைச் சதக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள் என்பதும் சொல்லிவைக்கிறேன், வேகத்துக்காக இல்லை, 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 காட்டும் மொழியில் வட்டி கணிக்கிறீர்கள்.

இதெல்லாம் செய்தும் அந்தப் பழைய போனில் அரைச் செக்கனுக்கு மேல் போனால், அல்லது அடுத்த வருடம் பதிவுகள் இரண்டு இலட்சமானால், அப்போதுதான் மற்ற இரண்டு வழிகள்.

ஒன்று, துண்டாக்குவது. மனேச்சர் பத்துப் பக்கம் புரட்டுவார், கவுண்டருக்கு வந்து ஆளைப் பார்ப்பார், திரும்பப் போவார். செட்டைம்அவுட் பூச்சியம் கொடுத்து இதைச் செய்கிறார்கள், ஏனென்றால் அது மைக்ரோடாஸ்க் இல்லை, இடையில் திரை வரைய இடம் கிடைக்கும். ஆனால் எவ்வளவு பெரிய துண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதிவுக்கு ஒரு செட்டைம்அவுட் என்று வைத்தீர்களோ, செத்தீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து தடவைக்கு மேல் போனால் உலாவி குறைந்தது 4 மில்லிசெக்கன் இடைவெளி வைத்துவிடும், நீங்கள் பூச்சியம் என்று கேட்டாலும். 30,000 பதிவுக்கு 4 மில்லிசெக்கன் என்றால் 120 செக்கன், சும்மா காத்திருப்பதற்கு மட்டும் இரண்டு நிமிடம். மறுபக்கம், 'ஒரு துண்டுக்கு 500 பதிவு' என்று எண்ணி வைப்பதும் சரிவராது. உங்கள் போனில் 500 பதிவு ஐந்து மில்லிசெக்கனில் முடியும், அலுவலரின் போனில் ஐம்பது எடுக்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தை வைத்து வெட்டுங்கள்: துண்டு தொடங்கும்போது பெர்ஃபோர்மன்ஸ் நவ் (உலாவியின் நுண்ணிய கடிகாரம்) பார்த்து வையுங்கள், 10 மில்லிசெக்கன் ஆனதும் நிறுத்தி இடம் விடுங்கள். நல்ல போனில் ஒரு துண்டுக்குள் ஆயிரம் பதிவு போகும், பழையதில் நூறு போகும், இரண்டிலும் திரை அசையும். 10 வேலை, 4 காத்திருப்பு என்று கணக்குப் பார்த்தால் மூன்று செக்கன் வேலை நாலு செக்கனைக் கொஞ்சம் தாண்டும். அந்தக் கூலியை நான் கொடுப்பேன். 2024-இல் குரோம் 129 உடன் ஸ்கெடியூலர் யீல்ட் என்று இதற்கென்றே ஒன்று வந்தது, அது இந்த 4 மில்லிசெக்கன் தண்டம் இல்லாமல் இடம்விட்டுத் திரும்ப வரும். அன்ட்ரொயிட்டின் வெப்வியூ (உங்கள் செயலிக்குள் ஓடும் உலாவி) பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுவதால் பழைய போனிலும் அது இருக்கலாம். ஆனால் டேட்டா மிச்சம் பிடிக்க அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் தாராளம், ஆகவே இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இல்லையென்றால் செட்டைம்அவுட்டுக்குப் போகும்படி எழுதுங்கள்.

துண்டாக்குவதில் ஒரு குழி இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மனேச்சர் பத்துப் பக்கம் புரட்டிவிட்டுக் கவுண்டருக்கு வந்தாரா, அங்கே ஒருவர் தவணைக் காசு கட்டிவிட்டுப் போகிறார். அந்தக் காசு புரட்டி முடித்த பக்கத்துக்குரியதா, இனிப் புரட்ட வேண்டிய பக்கத்துக்கா? திரை உறைந்திருந்தபோது இந்தப் பிரச்சினை உங்களுக்கு இருக்கவில்லை, ஏனென்றால் யாராலும் எதையும் தொட முடியாது. திரை உயிரோடு இருக்கும்போது கணக்கின் நடுவில் பதிவுகள் மாறலாம். எனவே தொடங்கும்போதே பதிவுகளை முழுதாக வாசித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிரதியின் மேல் கணியுங்கள், அந்த நேரம் புதுப் பதிவு போடும் பட்டனை மட்டும் பூட்டுங்கள். நீங்கள் பதிவுகளை இன்டெக்ஸ்ட் டிபியில் (உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளம்) வைத்திருப்பதால் இன்னுமொன்று: அதன் ட்ரான்சாக்சன் (நடந்தால் முழுதாக, இல்லையென்றால் ஒன்றுமே நடக்காத வேலைத் தொகுதி) காத்திருக்காது. நடுவில் செட்டைம்அவுட் போட்டு இடம் விட்டீர்களென்றால், கேட்பார் யாரும் இல்லையென்று அது தானே முடிந்துவிடும், திரும்பி வந்து எழுதப் பார்த்தால் பிழை வரும். முதலில் வாசிப்பு, பிறகு துண்டு துண்டாகக் கணக்கு, கடைசியில் ஒரே ட்ரான்சாக்சனில் எல்லாவற்றையும் எழுதுவது. இடையில் போன் அணைந்தாலும் அரைகுறைக் கணக்கு பதிவாகாது.

மற்ற வழி வொர்க்கர், தனி த்ரெட்டில் ஓடும் இன்னொரு ஸ்கிரிப்ட். பின்னறைக்கென்று இரண்டாவது ஆள். இதுதான் முறையான தீர்வு, வெப்வியூவுக்குள்ளும் வேலை செய்யும். அந்த ஆள் எவ்வளவு நேரம் பேரேடு புரட்டினாலும் கவுண்டர் திறந்திருக்கும். ஆனால் அவர் கவுண்டருக்கு வரக்கூடாது, லாச்சியைத் தொடக்கூடாது. வொர்க்கருக்குள் திரையின் எந்த உறுப்பும் கிடையாது. லோக்கல் ஸ்டோரேஜும் கிடையாது (உலாவியின் சின்னச் சேமிப்பு அது, அதைப் பெரிய தரவுக்கு எங்குமே பயன்படுத்தாதீர்கள், வாசித்து முடியும்வரை மெயின் த்ரெட்டை நிறுத்திவைக்கும் சாமான் அது). கெப்பாசிட்டரின் நேட்டிவ் பிளகின்களையும் (போனின் சொந்த வசதிகளை எட்டும் துணைநிரல்கள்) அங்கிருந்து கூப்பிட முடியாது. இருவரும் கதைப்பது ஒரு சின்ன ஜன்னல் வழியாக, துண்டு எழுதிக் கொடுத்து.

அந்த ஜன்னலில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 30,000 ஒப்ஜெக்டுகளையும் (பதிவுகளையும்) போஸ்ட் மெசேஜில், அதாவது அந்த ஜன்னலில், போட்டால் அவை அப்படியே அடுத்த பக்கம் போவதில்லை. ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்கப்படுகின்றன, பிரதிக்குக் கட்டும் வேலை நடப்பது அனுப்புகிற பக்கத்தில், அதாவது மெயின் த்ரெட்டில். உறைவை ஒழிக்கப் போய் ஆரம்பத்தில் ஒரு சின்ன உறைவைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். உங்கள் பதிவுகள் இன்டெக்ஸ்ட் டிபியில் இருப்பதால் நல்ல வசதி: வொர்க்கரே அதை நேரடியாக வாசிக்கலாம், எழுதலாம். நீங்கள் அனுப்ப வேண்டியது '2025, மூன்றாம் மாதம்' என்ற ஒரு வரி மட்டும். அங்கே கேர்சர் வைத்து ஒன்றொன்றாக நடக்காமல் கெட் ஓல் என்று மொத்தமாக எடுங்கள், அதுதான் வேகம். எஸ்கியூலைட் (உலாவிக்கு வெளியே, போனில் இருக்கும் தரவுத்தளம்) பிளகின் பாவிப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் மெயின் பக்கத்தில் வாசித்து, எண்களை ஒரு அரே பஃபரில் (ஒரே நினைவகத் துண்டில்) அடுக்கிக் கைமாற்றிக் கொடுக்கலாம். கைமாற்றினால் பிரதி எடுக்கப்படாது, உரிமை மட்டும் மாறும். கொடுத்த பிறகு உங்கள் பக்கத்தில் அதன் நீளம் பூச்சியம். அதை மறந்துவிட்டுத் திரும்பத் தொட்டுவிட்டு 'தரவு எங்கே போச்சு' என்று ஒரு இரவு முழுக்கத் தேடியவன் நான்.

திரும்பி வரும் செய்திகளிலும் அளவு வேண்டும். எனது முதல் வொர்க்கர் ஒவ்வொரு பதிவு முடிந்ததும் 'இத்தனை சதவீதம்' என்று ஒரு செய்தி அனுப்பியது. பல்லாயிரம் செய்தி. கவுண்டர்க்காரர் ஜன்னலில் வந்து விழும் துண்டுகளை வாசித்து வாசித்தே களைத்துப்போனார், திரை முன்னரைவிட மோசமாக உறைந்தது, நானோ வொர்க்கரில்தான் பிழை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். செக்கனுக்குப் பத்துச் செய்தி போதும், மனிதக் கண்ணுக்கு அதற்குமேல் தேவையில்லை. ஒரேயொரு வொர்க்கர் போதும் என்பதும் சேர்த்தி. 2 ஜிபி ராம் உள்ள போனில் நாலு வொர்க்கர் திறந்தால் ஒவ்வொன்றும் தனக்கென்று நினைவகம் கேட்கும், கடைசியில் அன்ட்ரொயிட் உங்கள் செயலியையே தூக்கி வெளியில் போடும்.

இப்போது உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் உறைவைவிட மோசமான ஒன்று. திரை உறைந்திருக்கும்போது ஆட்கள் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். அந்த அழுத்தல்கள் தொலைவதில்லை, வரிசையில் நிற்கும். ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். சில வருடங்களுக்கு முதல் வடமராட்சியில் ஒரு சங்கத்துக்கு நான் செய்துகொடுத்த செயலியில் அங்கத்தவர் எல்லோருக்கும் அந்த மாத வட்டி மூன்று தடவை ஏறியிருந்தது. கணக்குப் பார்க்கும் அக்கா சொன்னார், "பட்டன் வேலை செய்யேல்லை தம்பி, அதாலை திருப்பித் திருப்பி அமத்தினனான்." அவரில் ஒரு பிழையும் இல்லை. நான் தொடக்கத்தில் பட்டனை முடக்கி, கணக்கு முடிந்ததும் அதே ஃபங்சனின் கடைசி வரியில் திரும்ப இயக்கியிருந்தேன், பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு. காத்திருந்த அழுத்தல்கள் உள்ளே வரும்போது பட்டன் ஏற்கெனவே இயங்கு நிலையில் இருக்கிறது, முடக்கியதால் ஒரு பயனுமில்லை. மெயின் த்ரெட் விடுதலையாக இருந்தால் அழுத்தல் அந்த நேரமே வந்து, முடக்கிய பட்டனில் மோதி விழுந்திருக்கும். அதோடு நின்றுவிடாமல், வட்டிப் பதிவின் சாவியையே (தரவுத்தளம் அந்தப் பதிவை அடையாளம் காணும் பெயர்) அங்கத்தவர் இலக்கமும் மாதமும் சேர்ந்ததாக வையுங்கள். பிறகு பத்துத் தடவை ஓடினாலும் அதே பதிவு மேலேயே எழுதப்படும், புதிது ஏறாது. அன்றைக்கு இரவு முழுதும் இரட்டிப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன், அக்கா பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டிருந்தார். காசு வாங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இடையில் நிறுத்த ஒரு பட்டனும் வையுங்கள். வொர்க்கர் என்றால் டெர்மினேட் என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். எழுதுவது எல்லாம் கடைசியில் ஒரே ட்ரான்சாக்சனில் என்று மேலே சொன்னதால் நிறுத்தியதால் எதுவும் கெடாது. துண்டாக்கும் முறை என்றால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் 'நிறுத்தச் சொன்னார்களா' என்று ஒரு கொடியைப் பாருங்கள்.

கணக்கு வேகமாக முடிந்தும் திரை உறைகிறதா? அப்படியென்றால் குற்றவாளி கணக்கே இல்லை, முடிவைக் காட்டும் அட்டவணை. 1,200 வரி, வரிக்கு ஆறு பெட்டி, ஒவ்வொரு வரியையும் சேர்த்துவிட்டு அதன் உயரத்தை அளந்து பார்க்கிறீர்கள் (உங்கள் கோடில் அப்படி ஒரு வரி இருந்தது, ஏன் என்று தெரியவில்லை, எங்கிருந்தோ ஒட்டியது போல இருக்கிறது). அளவு கேட்கும் ஒவ்வொரு முறையும் உலாவி அதுவரை போட்டதையெல்லாம் திரும்ப அடுக்கிப் பார்க்க வேண்டும். அந்த வரியை எடுத்துவிடுங்கள், எல்லா வரிகளையும் கட்டிவிட்டு ஒரே முறையில் பக்கத்தில் சேருங்கள், முடிந்தால் திரையில் தெரியும் இருபது வரியை மட்டும் வரையுங்கள். 1,200 பேரையும் ஒரே பார்வையில் எந்தச் செயலாளரும் பார்க்கப்போவதில்லை, அவருக்கு வேண்டியது மொத்தமும் தேடல் பெட்டியும்.

எது குற்றவாளி என்று ஊகிக்காமல் அளந்து பார்ப்பது எப்படி என்றால், அலுவலரின் போனை ஒரு மணித்தியாலம் இரவல் வாங்குங்கள். யூஎஸ்பியால் உங்கள் கணினியில் செருகி, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தால், டிபக் செய்ய அனுமதித்த வெப்வியூ அங்கே தெரியும். பெர்ஃபோர்மன்ஸ் தாவலில் பதிவு செய்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள், நீளமான மஞ்சள் பட்டை என்றால் ஸ்கிரிப்ட், ஊதா என்றால் அடுக்கும் வேலை. உங்கள் கணினியிலேயே சிபியூவை ஆறு மடங்கு மெதுவாக்கிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அது பாவனை. பழைய போனில் மெதுவான சேமிப்பகம், நிரம்பிய ராம், பின்னால் ஓடும் வட்ஸ்அப் எல்லாம் சேர்ந்த நிலையை அது காட்டாது.

வேறு கருவிகளில் எழுதுபவர்களும் இதைக் கேட்பதால் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்லினில் (அன்ட்ரொயிட் செயலி எழுதும் மொழி) சஸ்பெண்ட் என்ற சொல்லும் அசிங்க் மாதிரித்தான், தானாக எதையும் வேறு த்ரெட்டுக்கு மாற்றாது. வியூமொடல் ஸ்கோப்பில் தொடங்கினால் அது மெயினில்தான் ஓடும், வித் கொன்டெக்ஸ்ட் போட்டு டிஃபோல்ட் டிஸ்பச்சருக்கு அனுப்ப வேண்டும், லூப்புக்குள் என்ஷுவர் அக்டிவ் வைக்காவிட்டால் நிறுத்து என்றாலும் நிற்காது. அங்கே மெயின் த்ரெட்டை அடைத்துவைத்து, தொட்டதற்கு ஐந்து செக்கனுக்குள் பதில் இல்லையென்றால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்ற பெட்டியை அன்ட்ரொயிட்டே காட்டிவிடும். பழைய பாடங்களில் வரும் அசிங்க்டாஸ்க் அன்ட்ரொயிட் 11-இலேயே கைவிடப்பட்டது, அதைப் படிக்காதீர்கள். ஃபிளட்டரில் (இன்னொரு செயலிக் கருவி) ஃபியூச்சர் அதே கதை, கணக்கு வேலைக்கு ஐசொலேட் ரன் என்று தனி ஆளிடம் கொடுக்க வேண்டும். ரியாக்ட் நேட்டிவ் இன்னும் ஏமாற்றும், ஜாவாஸ்கிரிப்டுக்குத் தனி த்ரெட் என்பதால் பட்டியல் வழுவழுவென்று உருளும், பட்டனைத் தொட்டால் மட்டும் செத்த பாம்பு. ஐபோனில் செயலி தொடங்கும்போதே மெயின் த்ரெட்டைக் கனநேரம் அடைத்தால் காவல்நாய் மாதிரி ஒன்று வந்து செயலியைக் கொன்றுவிட்டு, 'கெட்ட சாப்பாடு சாப்பிட்டது' என்று ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடிய ஒரு பிழை எண்ணை விட்டுப் போகும். அப்பிளில் யாருக்கோ பகிடி தெரிந்திருக்கிறது.

போனைச் சட்டைப் பையில் போட்ட பிறகும் வேலை ஓட வேண்டுமென்றால் அது வேறு பிரச்சினை, இதோடு கலக்காதீர்கள். திரை அணைந்த பிறகு வெப்வியூவின் டைமர்கள் மெதுவாகலாம், நிற்கலாம், செயலியே கொல்லப்படலாம். அன்ட்ரொயிட் 6 தொடக்கம் டோஸ் என்று ஒன்று பின்னணி வேலைகளைக் கட்டிப்போடுகிறது. அதற்கு நேட்டிவ் பக்கத்தில் வொர்க்மனேச்சர் இருக்கிறது, அதிலும் சாதாரண வேலை ஒன்றுக்குப் பத்து நிமிடம்தான். உங்கள் மாத வட்டிக்கு இது எதுவும் தேவையில்லை, அலுவலர் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் அழுத்தப்போகிறார்.

ஆகவே இன்றைக்கு ஃபில்டரை மேப் ஆக்குங்கள், கொலேற்றரை ஒருமுறை மட்டும் உருவாக்குங்கள், உயரம் அளக்கும் வரியை எடுங்கள், சாவியை மாற்றுங்கள். பிறகு அந்தப் பழைய போனில் எத்தனை செக்கன் என்று பார்த்துச் சொல்லுங்கள். அரைச் செக்கனுக்குமேல் நின்றால் வொர்க்கரைப் போடுவோம், அந்தக் கோடையும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.